ஹரிக்கேன்: ஸ்பிட்ஃபயர் போகாத ஊர்களுக்குப் போன விமானம்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. அவற்றை எதிர்த்துப் பறந்தவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் சண்டை விமானங்களான ஹாக்கர் ஹரிக்கேன்கள். பிரிட்டனிலோ அந்த நேரத்தில் ஹரிக்கேனின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பகல் நேர வான்சண்டை என்றால் இனி ஸ்பிட்ஃபயர்தான் என்றாகிவிட்டிருந்தது. சொந்த ஊரில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட ஒரு விமானத்தை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த எதிரியின் முன்னால் ஏன் நிறுத்தினார்கள்?

காலனிகளைப் பற்றிய அலட்சியம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி விடைதான். மீதிப் பாதி அந்த விமானத்தைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

ஹாக்கர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி காம், 1930-களின் தொடக்கத்தில் இரட்டை இறக்கை விமானங்களுக்குப் பேர்போனவர். அவருடைய ஃபியூரி அந்தக் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானங்களில் மிக வேகமானது. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் ஓர் இறக்கையைக் கழற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, காம் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவில்லை. தன் தொழிலாளிகளுக்குக் கைவந்த முறையிலேயே ஒற்றை இறக்கை விமானம் ஒன்றை வரைந்தார். முதலில் அதற்கு ‘ஃபியூரி மோனோபிளேன்’ என்றே பெயர். எஃகுக் குழாய்களைப் பிணைத்த சட்டகம், அதன்மேல் மரப்பட்டிகள், அதற்கும் மேலே இழுத்துக் கட்டிச் சாயம் பூசிய துணி. தொடக்கத்தில் இறக்கைகள்கூடத் துணி போர்த்தியவைதான். உலோக இறக்கை போர் தொடங்கும் தறுவாயில்தான் வந்தது. ஸ்பிட்ஃபயர் முற்றிலும் வேறு மாதிரி. அதில் வெளித்தகடே சுமையைத் தாங்கும். உள்ளே தனிச் சட்டகம் கிடையாது. வருங்காலம் அந்தப் பக்கம்தான் இருந்தது. காமுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

1935 நவம்பர் 6 அன்று புரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் ஜார்ஜ் புல்மன் என்ற சோதனை விமானி முதல் ஹரிக்கேனைப் பறக்கவிட்டார். அடுத்து நடந்ததுதான் முக்கியம். அரசின் உத்தரவு வருவதற்கு முன்பே, 1936 மார்ச்சில், ஹாக்கர் நிர்வாகம் ஆயிரம் விமானங்களுக்கான கருவிகளையும் அச்சுகளையும் தயார் செய்யச் சொல்லிவிட்டது. ஜூனில் 600 விமானங்களுக்கு உத்தரவு வந்தது. 1937 டிசம்பரில் லண்டனுக்கு அருகே நார்த்தோல்ட்டில் இருந்த 111-ஆம் ஸ்க்வாட்ரன் (விமானப் படைப்பிரிவு) முதல் ஹரிக்கேன்களைப் பெற்றது. இரண்டு மாதம் கழித்து அதன் தலைவர் ஜான் கில்லன் எடின்பரோவிலிருந்து நார்த்தோல்ட்டுக்குச் சுமார் 525 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் பறந்து வந்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பின்னால் பலமான காற்று தள்ளிக்கொண்டு வந்த விஷயம் விமானப்படைக்குள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ‘டவுன்விண்ட் கில்லன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்பட்டபோது பிரிட்டனின் கையில் ஏறத்தாழ 500 ஹரிக்கேன்கள் இருந்தன. ஸ்பிட்ஃபயருக்கு ஆகும் உழைப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு ஹரிக்கேனைக் கட்டி முடிக்கலாம். கனடாவில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த தொழிற்சாலையே எல்ஸி மெக்கில் என்ற பெண் பொறியாளரின் தலைமையில் சுமார் 1,450 ஹரிக்கேன்களைச் செய்து அனுப்பியது என்றால், அதன் கட்டுமானம் எவ்வளவு எளிது என்று ஊகிக்கலாம்.

பழுதுபார்ப்பதும் அப்படித்தான். குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டால் ஓட்டையை அடைத்து மறுநாள் பறக்கலாம். வளைந்த குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். சக்கரங்கள் உள்பக்கமாக மடங்குவதால் இரண்டுக்கும் இடையே நல்ல அகலம்; மேடுபள்ளமான மண்தரையிலும் தைரியமாக இறங்கலாம். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமானவை, அது நல்ல தரை கேட்கும். தடித்த இறக்கைக்குள் பக்கத்துக்கு நான்காக எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. சுடும்போது விமானம் அசையாமல் நிற்கும் என்று விமானிகள் பாராட்டினார்கள்.

அதே தடித்த இறக்கைதான் வேகத்தைக் கெடுத்தது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐவிட மணிக்கு 50 கிலோமீட்டராவது அது மெதுவானது. மெர்லின் எஞ்சினிலும் ஒரு தொல்லை. மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் திக்கும். ஜெர்மன் விமானி அப்படியே தலைகீழாகப் பாய்ந்து தப்பிவிடுவார். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் குழாயில் செருகும் ஒரு சின்ன உலோக வளையத்தால் இதைப் பெருமளவு சரிசெய்தார். ஆனால் 1940-இன் சண்டைகளுக்கு அது கிடைக்கவில்லை.

தீதான் எல்லாவற்றிலும் கொடியது. ஹரிக்கேனில் விமானியின் முன்னால், கருவிப் பலகைக்குப் பின்புறம் ஓர் எரிபொருள் தொட்டி இருந்தது. அதில் தீப்பிடித்தால் சில நொடிகளில் விமானி அறையே உலைக்களமாகிவிடும். முகமும் கைகளும் கருகி உயிர்தப்பிய விமானிகள் பலர் ஈஸ்ட் கிரின்ஸ்டட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவிடம் பல முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். ஜேம்ஸ் நிக்கல்சனின் கதை இங்கே சொல்ல வேண்டியது. 1940 ஆகஸ்ட் 16 அன்று சவுத்தாம்ப்டனுக்கு அருகே அவருடைய ஹரிக்கேன் எரிந்துகொண்டிருந்தது. குதிக்கத் தயாரானவர், ஜெர்மன் விமானம் ஒன்று முன்னால் வந்ததைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்து சுட்டார். அதன் பிறகே பாராசூட்டில் குதித்தார். சண்டை விமானப் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் போர் முழுவதிலும் கிடைத்த விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், அது ஒன்றுதான். பிறகு கிழக்குப் போர்முனைக்கு வந்து பர்மா மீது மஸ்கிட்டோ விமானங்களின் ஸ்க்வாட்ரன் ஒன்றை நடத்திய அவர், 1945 மே 2 அன்று வங்காள விரிகுடாவில் விழுந்த குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பார்வையாளராகப் போய் இறந்தார். அடுத்த வாரம் ஐரோப்பாவில் போர் முடிந்தது.

பிரான்ஸ் வீழ்ந்த கதையை இங்கே நீட்ட வேண்டாம். அங்கே அனுப்பிய சுமார் 450 ஹரிக்கேன்களில் திரும்பி வந்தவை 66. மீதி எல்லாமே சுடப்பட்டு விழுந்தவை அல்ல. ஜெர்மன் டாங்கிகள் நெருங்கியபோது பழுதுபார்க்க நேரமில்லாமல் தாங்களே கொளுத்திவிட்டு வந்தவையும் கணிசம். சண்டை விமானப் பிரிவின் தலைவர் ஹியூ டவுடிங் 1940 மே 16 அன்று அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. இனியும் அங்கே ஹரிக்கேன்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் பிரிட்டனைக் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் அதன் சாரம். ஸ்பிட்ஃபயர்களை அவர் முதலிலிருந்தே பிரான்ஸுக்கு அனுப்பாமல் பிடித்து வைத்திருந்தார். ‘நல்லதை வீட்டில் வை, இருப்பதை வெளியே அனுப்பு’ என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. ஹரிக்கேனின் மீதி வாழ்க்கை முழுவதும் அந்தக் கணக்கில்தான் ஓடியது.

1940 ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன் ஸ்க்வாட்ரன்கள்தான் அதிகம். வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானங்களில் பாதிக்கு மேல் ஹரிக்கேன்களின் கணக்கில் சேர்ந்தவை. ஹரிக்கேன் ஓட்டியவர்களில் முதலிடம் பிடித்தது நார்த்தோல்ட்டில் இருந்த போலந்து நாட்டவரின் 303-ஆம் ஸ்க்வாட்ரன். ஆனாலும் ஜனங்களின் மனதில் நின்றது ஸ்பிட்ஃபயர். அழகான விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானிகள்கூட, தங்களை வீழ்த்தியது ஸ்பிட்ஃபயர்தான் என்று சாதித்ததாக பிரிட்டிஷ் தரப்பில் கேலியாகச் சொல்வார்கள். ஹரிக்கேனிடம் தோற்றோம் என்பது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது.

1940 நடுப்பகுதியிலிருந்தே அது எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் தலை சுற்றும். மால்டா, கிரீஸ், லிபியா. பாலைவன மணலுக்காக மூக்கின் கீழே பெரிய வடிகட்டியை மாட்டினார்கள், இருந்த வேகமும் இன்னும் குறைந்தது. இறக்கைக்கு அடியில் இரண்டு 40 மில்லிமீட்டர் பீரங்கிகளைத் தொங்கவிட்டு டாங்கிகளைச் சுட வைத்தார்கள். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களின் முன்பக்கம் ஒரு தண்டவாளம் அமைத்து, அதிலிருந்து ராக்கெட்டால் ஹரிக்கேனை எறிந்தார்கள். ஜெர்மன் வேவு விமானத்தைத் துரத்திய பிறகு, கரை எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், விமானி கடலில் விழுந்து யாராவது தூக்கிக்கொள்வார்கள் என்று காத்திருக்க வேண்டும். திரும்பி இறங்க இடம் கிடையாது. பழைய ஹரிக்கேன்களை இதற்கு ஒதுக்கியதற்குக் காரணம் வெளிப்படை. ஒரு பயணத்துக்கு ஒரு விமானம் கடலில் போனாலும் கணக்குக் கட்டுப்படியாகும்.

சோவியத் யூனியனுக்கு ஏறத்தாழ 3,000 போயின. 1941 செப்டம்பரில் மூர்மன்ஸ்க் அருகே வயெங்காவில் பிரிட்டிஷ் விமானிகளே முதலில் அவற்றை ஓட்டிக் காட்டிவிட்டு ரஷ்யர்களிடம் ஒப்படைத்தார்கள். ரஷ்யர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சிறிய துப்பாக்கிகளைப் பிடுங்கிவிட்டுத் தங்களுடைய 20 மில்லிமீட்டர் பீரங்கிகளைப் பொருத்திக்கொண்டார்கள். போருக்கு முன்னால் ருமேனியாவும் 1939–40-இல் ரஷ்யாவோடு நடந்த குளிர்காலப் போர் நாட்களில் ஃபின்லாந்தும் ஆளுக்கு ஒரு டஜன் ஹரிக்கேன்களை வாங்கியிருந்தன. 1941-இல் அந்த இரண்டு நாடுகளும் ஜெர்மனியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்ததால், அந்த முனையில் ஹரிக்கேன் இரண்டு பக்கமும் பறந்தது.

கிழக்குக்கு வருவோம். 1942 ஜனவரியில் பெட்டிகளில் அடைத்த 51 ஹரிக்கேன்கள் சிங்கப்பூரில் வந்து இறங்கின. அவசர அவசரமாகப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். ஐரோப்பாவில் பழகிய விமானிக்கு ஒரு பாடம் ஊறிப்போயிருந்தது: மெஸ்ஸர்ஷ்மிட் துரத்தினால் இறுக்கமாகத் திரும்பு, அவனால் பின்தொடர முடியாது. இங்கே அந்தப் பாடமே உயிரை வாங்கியது. ஜப்பானியரின் சீரோவும் ஆஸ்கரும் ஹரிக்கேனைவிடச் சின்ன வட்டத்தில் திரும்பக்கூடியவை. அவற்றிடமிருந்து தப்ப ஒரே வழி மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்வது. அதற்கு உயரம் வேண்டும். உயரத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். சிங்கப்பூரில் போதிய முன்னறிவிப்பு இல்லை. பிப்ரவரி 15-இல் நகரம் சரணடைந்தது. எஞ்சிய ஹரிக்கேன்கள் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போய் அங்கே அழிந்தன.

மார்ச் தொடக்கத்தில் இன்டாமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 60 ஹரிக்கேன்களை இலங்கைக்குக் கொண்டுவந்தது. அவை ஒரு மாதம் முன்பு வந்திருந்தால் ஜாவாவில் போயிருக்கும். 30-ஆம் ஸ்க்வாட்ரன் கொழும்புக்கு அருகே ரத்மலானையில், 261-ஆம் ஸ்க்வாட்ரன் திருகோணமலைப் பக்கம் சீனன்குடாவில். சுமத்ராவிலும் ஜாவாவிலும் சிதைந்துபோன 258-ஆம் ஸ்க்வாட்ரனைத் தப்பி வந்த சிலரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி உருவாக்கினார்கள். அதற்குக் கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலே விமானத்தளம்.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனர்ட் பர்ச்சலின் கட்டலினா வேவு விமானம் இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது, பர்ச்சல் கைதியானார். ஆக, மறுநாள் தாக்குதல் வரும் என்று கொழும்புக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து முடிந்தவரை கப்பல்களை வெளியே அனுப்பியாயிற்று. விமானிகளும் விடியலிலிருந்தே காத்திருந்தார்கள். அப்படியும் கடைசி நேர ரேடார் எச்சரிக்கை வரவில்லை. ஃபுச்சிடா தலைமையில் வந்த விமானங்கள் தலைக்கு மேலே தெரிந்த பிறகுதான் ரத்மலானையில் 30-ஆம் ஸ்க்வாட்ரன் தன் விமானங்களை நோக்கி ஓடியது. உயரம்தான் உயிர் என்ற ஒரு விமானத்தை, உயரமே இல்லாமல் சீரோக்களுக்கு நடுவே கிளப்ப வேண்டியதாயிற்று. பந்தயத் திடலில் ஒரு தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்து கிளம்பிய 14 ஹரிக்கேன்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அவை நேராகத் துறைமுகத்தின் மேல் பாய்ந்த குண்டுவீச்சு விமானங்களிடம் போயின. அவற்றிலும் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அந்த நேரத்தில் திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு பிரிட்டிஷ் சோர்ட்ஃபிஷ் விமானங்கள், டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு ஊர்ந்து வந்த இரட்டை இறக்கைக்காரர்கள், சீரோக்களின் பாதையில் மாட்டி ஆறும் விழுந்தன.

ஜப்பானியர் அன்று இழந்தவை ஏழு. பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது அதைவிடப் பல மடங்கு. ஜப்பானியரும் இருந்த ஹரிக்கேன்களைவிட அதிகமாகவே வீழ்த்தியதாகச் சொன்னார்கள். வான்சண்டைக் கணக்குகளில் இது வழக்கம். ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் எழுதிக்கொள்வார்கள். அன்று பகலிலேயே கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. நான்கு நாள் கழித்து திருகோணமலை. இந்த முறை ரேடார் முன்கூட்டியே காட்டியது, 261-ஆம் ஸ்க்வாட்ரன் உயரத்தில் காத்திருந்து அடித்தது. ஆனாலும் எண்ணிக்கையில் எதிரி மிக அதிகம். இழப்பும் பலமாகவே இருந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. அதைக் காக்க ஹரிக்கேன்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஹரிக்கேன்கள் இலங்கையைக் காப்பாற்றின என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நகுமோ தீவைப் பிடிக்க வரவில்லை, கப்பல்களை அழிக்க வந்தார். தன் வேலையை முடித்துக்கொண்டு போனார். இரண்டு சண்டையிலும் ஹரிக்கேன்கள் தோற்றன. ஆனால் ஆஸ்திரேலியாவின் டார்வினைப் போலவோ அமெரிக்கரின் பேர்ல் துறைமுகத்தைப் போலவோ முற்றிலும் எதிர்பாராத அடியாக அது அமையவில்லை, அவ்வளவுதான். அந்த வாரத்தின் பீதி கடலைத் தாண்டி இந்தியக் கரைக்கும் வந்தது. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து, மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி திருச்சிராப்பள்ளியில் இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்க்வாட்ரன் உருவானது. விமானம் ஹரிக்கேன்தான். தலைவர் மெஹர் சிங். அதற்குச் சற்று முன்பு வரை இந்திய ஸ்க்வாட்ரன்களுக்குக் கிடைத்தவை மெதுவான லைசாண்டர் போன்ற இயந்திரங்கள். பிரிட்டன் கழித்துவிட்ட ஹரிக்கேன் அவர்களுக்கு முதல் உண்மையான சண்டை விமானம். லண்டனில் இருந்து பார்த்தால் மிச்சம் மீதி, திருச்சியில் இருந்து பார்த்தால் பெரிய முன்னேற்றம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்திய விமானப்படையின் முன்வரிசை ஏறக்குறைய முழுவதும் ஹரிக்கேன்தான் என்றானது.

1943 இறுதியில்தான் ஸ்பிட்ஃபயர்கள் பர்மா முனைக்கு வந்தன. ஜப்பானிய சண்டை விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவை எடுத்துக்கொண்டதும், ஹரிக்கேன் தனக்கு ஏற்ற வேலைக்குத் திரும்பியது. காட்டு மரங்களின் உச்சியை உரசிப் பறந்து பாலம், ஓடை, மாட்டு வண்டித் தடம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது; படம் எடுப்பது; மலையில் தோண்டிய பதுங்கு குழியின் வாயில் குண்டு போடுவது. இங்கே மணிக்கு 50 கிலோமீட்டர் குறைவு ஒரு பொருட்டில்லை. மழைக்காலத்துச் சேற்றுத் தளத்தில் இறங்கி ஏறும் அகலச் சக்கரமும், துணியும் குழாயுமாக அங்கேயே சரிசெய்துகொள்ளும் உடலும்தான் வேண்டியிருந்தன.

பர்மாவின் அரக்கான் கரையோரத்தில் 6-ஆம் ஸ்க்வாட்ரன் இரண்டிரண்டாகப் பறந்தது. முன்னால் போகிறவர் தரையைப் பார்ப்பார். இரண்டாமவர் பின்னால் இடமும் வலமுமாக நெளிந்து வானத்தைப் பார்ப்பார். பர்மா முனையில் போரிட்ட தரைப்படையான 14-ஆம் படையின் கண்கள் என்று அந்த ஸ்க்வாட்ரனுக்குப் பெயர் வந்தது. கண்களுக்கு விலையும் இருந்தது. 1944 பிப்ரவரியில் ஆஸ்கர்களிடம் பல ஜோடிகள் மாட்டின. அதே மாதம் ஜெகதீஷ் சந்திர வர்மா என்ற விமானி ஓர் ஆஸ்கரைச் சுட்டு வீழ்த்தினார். தன்னைவிட லாகவமான விமானத்தை, சண்டைக்கென்றே கிளம்பாத ஒரு வேவு ஹரிக்கேனில் இருந்துகொண்டு. மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது, அந்தப் போரில் இந்திய விமானப்படையில் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை.

இம்பாலில் 1-ஆம் ஸ்க்வாட்ரன். தலைவர் அர்ஜன் சிங்குக்கு அப்போது வயது 24. 1944 மார்ச் இறுதியில் ஜப்பானியர் சாலையை வெட்டிச் சமவெளியைச் சூழ்ந்தபோது சில ஸ்க்வாட்ரன்களை வெளியே நகர்த்தினார்கள், இவர்கள் தங்கினார்கள். சுற்றிலும் மலையில் எதிரி, நடுவே விமானத்தளம். கிளம்பிச் சில நிமிடங்களில் வேவு தொடங்கிவிடும். சாப்பாடு முதல் வெடிகுண்டு வரை எல்லாம் வான்வழியாக வர வேண்டிய இடத்தில், உதிரிபாகத்துக்கு அதிகம் தொல்லை கொடுக்காத ஒரு விமானம் இருந்தது தற்செயலான நல்லது. ஜூனில் மவுண்ட்பேட்டன் இம்பாலுக்கே வந்து அர்ஜன் சிங்கின் சட்டையில் டி.எஃப்.சி. பதக்கத்தைக் குத்தினார். அர்ஜன் சிங் 1964-இல் விமானப்படைத் தலைவரானார்.

இம்பால் முற்றுகை உடைந்த சில வாரங்களில், 1944 கோடை முடிவதற்குள், பிரிட்டனில் கடைசி ஹரிக்கேன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் சுமார் 14,500. அந்தக் கடைசி விமானத்தை ஹாக்கர் நிறுவனமே வாங்கி வைத்துக்கொண்டது. அது இன்னும் பிரிட்டனின் நினைவுப் பறப்புகளில் பறக்கிறது. இந்திய ஸ்க்வாட்ரன்கள் மேலும் ஓராண்டுக்கும் அதிகமாக ஹரிக்கேனை ஓட்டின. அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது, அல்லது முடியும் நிலையில் இருந்தது. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் இருக்கிறது.